எங்க மாமி

பம்பாயில் வராத எல்லாமே ‘வந்துட்டே இருக்கு’தான். தண்ணி லாரி வந்துட்டே இருக்கு. ரேஷன் மண்ணெண்ணெய் வந்துட்டே இருக்கு. ஊரிலிருந்து கிளம்பிய மச்சான் வந்துட்டே இருக்கான். விசாரித்தால் மச்சான் இன்னும் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டான். எங்களுக்கு அது பொய்யாகவே தோன்றாது. ஒரு மரியாதை, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிறவன்தான் மரியாதை தெரியாதவன்.

மேலே கேட்டே தீருவேன் என்று வாழ்ந்த ஒரு மனுஷியை எண்பதுகளில் எனக்குத் தெரியும். மாட்டுங்காக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, கறுப்புக் குடை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு பெட்டி சாக்பீஸ். தாராவியில் எனக்கிருந்த தோல் பை பட்டறைக்கு மூன்று மாதம் வந்துபோனார். அவர் பெயர் விசிட்டிங் கார்டில் இருந்தது. அதைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

‘வந்துட்டே இருக்கு’ என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “வரட்டும். இப்ப எங்க இருக்கு?” என்பார்.

பட்டறையில்தான் அப்படி என்றில்லை. ஒரு நாள் சாம்பிள் பைகளைத் தூக்கிக்கொண்டு அவரோடு தாதர் ஸ்டேஷனில் நிற்கிறேன். ஃபோர்ட்டுக்குப் போக வேண்டும். லோக்கல் வரவில்லை. சிறிது நேரத்தில் வரும், சிறிது நேரத்தில் வரும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. பிளாட்பாரத்தில் ஆயிரம் பேர் பேசாமல் நிற்கிறார்கள். இவர் மட்டும் நேரே அதிகாரி அறைக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று அதிகாரி இந்தியில் சொல்ல, இவர் எந்த ஸ்டேஷனில் என்று கேட்க, அந்த மனிதர் தாங்க முடியாமல் யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். “வித்யாவிஹார்ல நிக்கறதாம். சிக்னல் கோளாறு. வாங்கோ பாய், வெஸ்டர்ன் லைன்ல போயிடலாம்” என்று பாலத்தில் ஏறினார் மாமி. விஷயம் காதில் விழுந்தவர்கள் ஐம்பது பேர் எங்கள் பின்னாலேயே வந்தார்கள்.

முதல் வாரமே எங்கள் கட்டிங் மாஸ்டர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார். எங்க, எங்க என்று கேட்பதால் ‘எங்க மாமி’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம். ஒரு நாள் அவர் காதில் விழுந்துவிட்டது. நாங்கள் பதறிப்போனோம். அவரோ முகமெல்லாம் மலர்ந்து, “எங்க மாமின்னு உரிமையா சொல்றேளே, சந்தோஷம்” என்றார். ‘எங்களுடைய மாமி’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! யாருக்குத் திருத்த மனசு வரும்? கொஞ்ச நாளில் எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறோம் என்பது எங்களுக்கே மறந்துபோயிற்று.

என் வீட்டில்தான் தகராறு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மாமி என்றால் மாமியார். “இன்னைக்கு மாமி என்னைப் போட்டு வறுத்துட்டாவ” என்று நான் சொல்லப்போக, என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “எங்க உம்மா ஊர்ல செவனேன்னு கெடக்காவ. அவுகள எதுக்கு இழுக்கீய?”

சரி, அவர் எப்படி வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பைகளை வாங்கிக் கப்பலேற்றுகிறவர் ஃபோர்ட்டில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு சேட். இரண்டு தடவை என் சரக்கு கப்பலைத் தவறவிட்டிருந்தது. மூன்றாவதும் தவறினால் இனி உனக்கு வேலை இல்லை என்று சேட் சொல்லிவிட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. பதினான்கு பேர் அந்தப் பட்டறையை நம்பி இருந்தார்கள். பாதிப்பேர் என் ஊர்க்காரர்கள், என் பேச்சை நம்பி ரயிலேறி வந்தவர்கள். சேட்டை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது. அந்தச் சேட்தான் இந்த மாமியை அனுப்பினார். சரக்கு ஏன் தாமதமாகிறது என்று பார்த்து இவர் ரிப்போர்ட் எழுதுவார், அதைப் படித்துவிட்டு உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்றார்.

கார்டில் கன்சல்டன்ட் என்று போட்டிருந்தது. கன்சல்டிங் என்ற சொல்லை தாராவியில் டாக்டர் போர்டுகளில்தான் பார்த்திருக்கிறோம். அதனால் கட்டிங் மாஸ்டர் முதல் நாளே கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “ரெண்டு மாசமா குத்துது டாக்டரம்மா.” மாமி பதறவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்து, “எங்க?” என்றார்.

டாக்டர் இல்லை. செம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பதினெட்டு வருஷம் இருந்தவர். எந்தச் சாமான் எந்த மூலையில் கிடக்கிறது என்று அந்த ஆலையில் தெரிந்த ஒரே ஆள் இவர்தானாம். மேனேஜர் நாற்காலி காலியானபோது, இவரிடமே வேலை கேட்டுக் கேட்டுச் செய்த ஒருவருக்கு அதைக் கொடுத்தார்கள். மறுநாளே ராஜினாமா எழுதிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாட்டுங்காவில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. மூன்று மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்ததை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

தோல் வாசனை பழகாதவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். முதல் நாள் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு வெளியே போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தார். உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு உள்ளூர சந்தோஷம். போய்விடுவார் என்று நினைத்தேன். குழாயடியில் வாய் கொப்பளித்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, “ம், எங்க விட்டோம்?” என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது லேசில் போகிற ஆள் இல்லை.

இரண்டாம் நாள் ஒரு சிவப்பு ரிப்பன் கொண்டுவந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடையில் கட்டுகிற ரிப்பன். அப்போதுதான் வெட்டிய ஒரு தோல் துண்டில் அதைக் கட்டினார். “இதுக்குன்னு யாரும் தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம். இது எங்கெல்லாம் போறதுன்னு நான் பாத்துக்கறேன்” என்றார். தினமும் வருவார், ரிப்பனைத் தேடுவார், நோட்டில் எழுதுவார், போவார். கணக்குப் புத்தகத்தை நான் எடுத்து நீட்டினால்கூட வாங்க மாட்டார். துண்டு பையாகி வெளியே போன அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

“பாய், இது பன்னண்டு நாள் இங்க இருந்தது. அதுல எவ்வளவு நேரம் இது மேல வேலை நடந்திருக்கும்? சொல்லுங்கோ.”

“பன்னெண்டு நாளும்தான் நடந்துச்சு. நாங்க என்ன சும்மாவா இருக்கோம்?”

“ஐம்பது நிமிஷம்.”

நான் சிரித்தேன். “அப்ப மீதி நேரம் அது என்ன செஞ்சுச்சாம்?”

“தூங்கித்து. கட்டு நிறையட்டும்னு அந்த மூலைல ரெண்டு நாள், ஜிப் வரட்டும்னு இந்த மூலைல நாலு நாள். நீங்க யாரும் சும்மா இல்லை பாய். துண்டுதான் சும்மா இருந்தது.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காலையிலிருந்து முதுகொடிய உழைக்கிற இடத்தில் வந்து நின்று தூங்குது என்று சொன்னால் எவனுக்குத்தான் வராது? அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டின் மேலும் சாக்பீஸால் கிழமையும் அடுத்துப் போக வேண்டிய இடமும் எழுதினோம். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினோம்.

நடுவில் என் மகனுக்குப் பெயர் வைத்த விசேஷத்துக்கு வந்திருந்தார். மதியம் இரண்டு மணி, பிரியாணிச் சட்டி வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கை கழுவி உட்கார்ந்தாயிற்று. “வந்துட்டே இருக்கு” என்று என் அண்ணன் சொன்னதுதான் தாமதம், மாமி எழுந்து செருப்பை மாட்டினார். இரண்டு சந்து தள்ளி ஒரு டெம்போ வழியை அடைத்து நிற்க, பின்னால் கைவண்டியில் சட்டி நின்றுகொண்டிருந்தது. வேறு சந்து காட்டி அழைத்து வந்துவிட்டார். வாழ்நாளில் தொடாத பிரியாணியைத் தேடிப் போன ஒரே ஐயர் மாமி அவராகத்தான் இருக்கும். அவர் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழம்.

இனி அந்த மூன்றாவது ஆர்டருக்கு வருகிறேன்.

எண்ணூறு ஆபீஸ் பைகள். வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு லாரி வரும். ஏற்றினால் கப்பல், இல்லாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். பைகள் தைத்து முடித்து அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய பக்கிள் வைத்துத் தைப்பது மட்டும் பாக்கி. அந்தப் பக்கிள்கள் முலாம் பூசக் குர்லாவுக்குப் போயிருந்தன. செவ்வாய்க்கிழமை தருவதாக முலாம்காரர் சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் அடுத்த வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டை சின்ன பக்கிளும் அவருக்கு அனுப்பியிருந்தேன். திங்கள்கிழமை காலையில்தான் தெரிந்தது, அந்தச் சின்னது அளவு தப்பு. முலாம் பூசினால் வீண். சாயாக் கடைக்கு ஓடி, போன் செய்து ஒரே வரி சொன்னேன்: “கல் கா மால் ரோக்கோ.” அவர் “டீக் ஹை” என்றார். நிம்மதியாக ஒரு சாயாவும் குடித்தேன்.

தமிழில் கல் என்றால் கல். இந்தியில் கல் என்றால் நேற்று. நாளை என்றாலும் அதே கல்தான். நான் நேற்று அனுப்பிய சரக்கை நிறுத்தச் சொன்னேன். அவர் நாளை தர வேண்டிய சரக்கை நிறுத்திவிட்டார்.

இது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பக்கிள் வரவில்லை. மழை, அதனால் தாமதம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். சேட் போனில் கேட்டபோது பக்கிள் குர்லாவிலிருந்து கிளம்பிவிட்டது என்றே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை குடையிலிருந்து தண்ணீர் சொட்ட மாமி வந்தார். சும்மா கிடந்த பைகளைப் பார்த்தார்.

“பக்கிள் எங்க இருக்கு?”

“வந்துட்டே இருக்கு மாமி.”

“எங்க வந்துண்டிருக்கு? குர்லாவுல இருக்கா, சயான்ல இருக்கா?”

“வரும்னா வரும். அவரு என்ன நேத்துப் பழகின ஆளா?”

“யாராவது போய்ப் பாத்தேளா?”

பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். உங்களுக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும் என்றேன். சேட்டின் ஒற்றர் என்றேன். கடைசியில் ஒன்று சொன்னேன். அதை இப்போது எழுதவும் கை கூசுகிறது. “வீட்டுல உங்கள ஏன்னு கேக்க ஆளில்ல. அதான் ஊரெல்லாம் எங்க, எங்கன்னு கேட்டுட்டுத் திரியுதீய.”

தையல் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. மாமி கண்ணாடியைக் கழற்றி மழைத் தண்ணீரைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ‘விட்டது சனியன்’ என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல், “முதலாளி, இது நல்லால்ல” என்றார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சாயாக் கடையிலிருந்து ஆள் வந்து போன் என்றான். மாமியின் குரல். “பாய், பக்கிள் குர்லாவுல இருக்கு. முலாம் போடலை. சின்னதுக்குத்தான் போட்டுண்டிருக்கார். பெரியதை நீங்களே நிறுத்தச் சொன்னதாச் சொல்றார். திங்கக்கிழமை என்ன சொன்னேள்? வார்த்தை மாறாம சொல்லுங்கோ.”

சொன்னேன்.  “அட ராமா, கல்!” என்றார் மாமி.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தவனும் நானே. கடைப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “எல்லாம் போச்சு மாமி.”

“ஒண்ணும் போகலை. இங்கதான் இருக்கு, என் கண் முன்னாடி இருக்கு. அங்க எப்படி வரும்னு மட்டும் பாப்போம். நாலு ஆளை ஆளுக்கொரு பையோட அனுப்புங்கோ.”

மொத்தமும் பூசி மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரே மூட்டையாகத் தருவதாக முலாம்காரர் சொன்னார். அப்படி வந்தால் இரண்டு மணி நேரத்தில் எண்ணூறு பை தைக்க ஜின் பூதத்தாலும் முடியாது. மாமி அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நூறு ஆனதும் நூறு வர வேண்டும், மூட்டைக்குக் காத்திருக்கக் கூடாது என்று பிடிவாதம். முதல் நூறு மதியம் ஒன்றரைக்கு, முதலில் திரும்பிய ஆளின் தோளில் மாமியின் ஜோல்னாப் பையிலேயே வந்தது, சாக்பீஸ் தூளோடு. பிறகு ஒருவன் குர்லாவில் ஏற, ஒருவன் சயானில் இறங்க, ஒருவன் திரும்பிப் போக, சாயங்காலம் வரை லோக்கலில் எங்கள் ஆட்கள்தான். வந்தது வந்தபடி தைத்தோம். ஒரு நிமிஷம் யார் கையும் காலியாக இல்லை, ஒரு பக்கிளும் தரையில் கிடக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு முந்நூறு பை பாக்கி. விடிய விடியத் தைத்துவிடலாம் என்றேன். மாமி போனிலேயே மறுத்தார். “தூக்கக் கையால தைச்சா பிரிச்சுத் தைக்கணும். எல்லாரையும் ஆத்துக்கு அனுப்புங்கோ. காலைல ஆறு மணிக்கு வரட்டும்.” எனக்கு மனசில்லை. ஆனால் அன்றைக்கு எதிர்த்துப் பேசுகிற தகுதி எனக்கு இல்லை. அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்குக் கடைசிப் பை முடிந்தது. பன்னிரண்டுக்கு லாரி. நாலு மணிக்குத் துறைமுகத்திலிருந்து சாயாக் கடைக்கு போன் வந்தது, எண்ணூறும் உள்ளே போய்விட்டதாக. அப்பாடா! கட்டிங் மாஸ்டர் முழங்கால் வலியை மறந்து ஒரு குதி குதித்தார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மாமியைத் தேடினேன். லாரி கிளம்பும்போதே போய்விட்டாராம்.

பிறகு அவர் வரவில்லை. வேலை முடிந்தது, ரிப்போர்ட் எழுதுகிறார் என்றார்கள்.  சரக்கு போனது சரி. ஆனால் ரிப்போர்ட்டில், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு பத்தி உண்டு என்பதை அவரே முன்பு சொல்லியிருக்கிறார். பொய் எழுத மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். “போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்களேன். நாக்கு தேஞ்சா போயிரும்?” என்றாள் என் மனைவி. போயிருக்கலாம். திட்டுவதற்குப் புரளுகிற நாக்கு அதற்குப் புரளவில்லை.

பத்து நாள் கழித்து சேட் கூப்பிட்டார். மேஜை மேல் டைப் அடித்த காகிதங்கள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. சேட் வாசித்து வாசித்து இந்தியில் சொன்னார். ரிப்பன், ஐம்பது நிமிஷம், சாக்பீஸ், எல்லாம் இருந்தது. இந்தப் பட்டறையை விடக் கூடாது, சொன்னால் கேட்கிறார்கள் என்றும் இருந்தது. பிறகு அந்தப் பத்தி வந்தது. கடைசித் தாமதத்துக்குப் பொறுப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  நிமிர்ந்து பார்த்தால் சேட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பொறுப்பு என்ற இடத்தில் மாமி எழுதியிருந்தாராம்: ‘இந்தி மொழி. நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால்.’

நானும் சிரித்தேன். பியூன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கனம் அந்தச் சிரிப்பில்தான் இறங்கியது.

சேட் அடுத்த காகிதத்தைப் புரட்டினார். புதன்கிழமை மாமி எங்கே எந்த நிமிஷம் இருந்தார் என்ற விவரம். பத்து நாற்பதுக்குப் பட்டறை. பத்து ஐம்பதுக்குக் குர்லாவுக்குப் புறப்பாடு. நடுவில் இருந்த பத்து நிமிஷத்துக்கு எதிரே ‘முதலாளியுடன் ஆலோசனை’ என்று இருந்தது.

“என்ன ஆலோசனை?” என்றார் சேட்.

“பக்கிளைப் பத்தி” என்றேன். 

அங்கிருந்து நேரே மாட்டுங்காவுக்குப் போனேன். மூன்றாவது மாடி. மாமிதான் கதவைத் திறந்தார். உள்ளே அவர் தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“மாமி, அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்னை மன்னிச்சிருங்க” என்றேன்.

“எந்தப் பத்து நிமிஷம்?” என்றார் அவர். “உள்ள வாங்கோ பாய். காபி சாப்பிடலாம்.”